மூன்று கிலோ கதலிப்பழம்

கரமனை, திருவனந்தபுரம்
ஆடி மாதம், வியாழக்கிழமை, காலை பத்து மணி

சௌபாக்கியவதி கிருஷ்ணவேணி அக்காவுக்கு உன் ஒரே தம்பி சேஷன் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. நமஸ்காரத்தை மனசால் செய்ததாக எடுத்துக்கொள்ளவும். உடம்பால் செய்தால் எழுப்பிவிட இரண்டு பேர் வேண்டும். அத்திம்பேருக்கும் என் நமஸ்காரங்கள். பம்பாயில், அதுவும் செம்பூரில் மழை அதிகம் என்று செய்தியில் காட்டினார்கள். உன் முழங்கால் வலி தேவலையா, தைலம் தீர்ந்துவிட்டதா என்று தெரிவிக்கவும். இங்கே என் சகதர்மிணி சீதாலக்ஷ்மி, பெண் ஜானவி இருவரும் சௌக்கியம். என் சௌக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது இவன் எதற்குக் கடுதாசி எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் பேசினால் அடுக்களையில் இருக்கிற சீதாலக்ஷ்மி ஒரு வார்த்தை விடாமல் கேட்பாள். நீயோ நான் ஹலோ என்றதுமே அழ ஆரம்பித்துவிடுவாய். உன்னைச் சமாதானம் பண்ணுவதிலேயே என் விஷயம் விட்டுப்போகும். அதுவும் தவிர, இந்த விஷயத்தில் எனக்கு எழுத்து மூலமான பதில் வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் அரசு உத்தியோகத்தில் ஃபைல் பார்த்து, செக்‌ஷன் ஆபீஸராக ரிட்டயர் ஆனவன் நான். வாயால் சொன்ன எதையும் நம்பி ஒரு கையெழுத்துப் போட்டதில்லை.

விஷயம் உன்னுடைய வேண்டுதல். போன தை மாசம் அடுத்த தெருக் கிரகப்பிரவேசத்தில் நான் எட்டுப் போளியைப் பால்பாயசத்தில் பிய்த்துப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் நெஞ்சை அடைத்தது, ஜானவி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது, சீதாலக்ஷ்மி அங்கிருந்தே உனக்குப் போன் பண்ணியது, நீ செம்பூரில் இருந்தபடியே, "கிருஷ்ணா, என் தம்பியைத் திருப்பிக் குடுத்துடு, அவன் எடைக்கு எடை கதலிப்பழம் துலாபாரம் பண்றேன், நானே வந்து கூட நின்னு பண்ணி வைக்கறேன்" என்று அழுதது, எல்லாம் நினைவிருக்கும். நீ கண்ணைத் துடைப்பதற்குள் டாக்டர் வந்து, ஈசிஜி சரியாக இருக்கிறது, ரத்தப் பரிசோதனையும் சரி, இது வெறும் வாயு என்று சொல்லிவிட்டார். அதாவது நீ வேண்டிக்கொண்டது மாரடைப்புக்கு, வந்தது போளியினால். ஆனாலும் வேண்டுதல் வேண்டுதல்தான். காரணம் தவறாகிவிட்டது என்பதற்காக ஆர்டர் ரத்தாகாது.

அன்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதிய என் எடை நூற்றுப் பதினாறு கிலோ. அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். தராசின் ஒரு தட்டில் நான், மறு தட்டில் நூற்றுப் பதினாறு கிலோ கதலிப்பழம். பகவானுக்கு நாம் ஒப்புக்கொண்டது அவ்வளவு. பங்குனியில் வருகிறேன் என்றாய், முழங்கால் வீங்கிவிட்டது. வைகாசிக்கு டிக்கெட்டே எடுத்தாயிற்று, அத்திம்பேரின் பங்காளி வீட்டில் பிள்ளை பிறந்து தீட்டு வந்துவிட்டது. நீ வராமல் செய்யலாம் என்றால் 'கூட நின்னு' என்று வேறு சொல்லித் தொலைத்திருக்கிறாய். இப்படியே ஏழு மாசம் ஓடிப்போயிற்று. இந்த ஏழு மாசத்தில் நான் நூற்றுப் பத்தொன்பது ஆகிவிட்டேன்.

எப்படித் தெரிந்தது என்று கேள். போன மாசம் ஒரு மத்தியானம் செய்தி பார்த்துக்கொண்டே நாற்காலியில் கண்ணயர்ந்திருக்கிறேன். ஜானவிக்கு அன்று வீட்டிலிருந்தே வேலை. அவள் அதைப் போனில் படம் பிடித்து, நான் எழுந்து காப்பி குடிக்கும்போது காட்டினாள். அதில் ஒரு பெரிய மனிதர் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறார், திடீரென்று சத்தம் நின்றுபோகிறது, மூச்சே இல்லை, நெஞ்சு மட்டும் எழும்பப் பார்த்து எழும்பாமல் தவிக்கிறது, இனி அவ்வளவுதான் என்று நினைக்கும்போது மலையேறும் பஸ் கியர் மாற்றுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டு மறுபடி மூச்சு வருகிறது. யாரோ பாவம், பிழைக்க மாட்டார் போலிருக்கிறதே என்று எனக்கு மனசு பதறியது. பிறகுதான் பனியன் என்னுடையது என்று பார்த்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். ஜானவி, "அப்பா, நாளைக்கு நீ டாக்டர்ட்ட வரே. நோ டிஸ்கஷன்" என்றாள். நானும் டிஸ்கஷன் செய்கிற நிலைமையில் இல்லை.

உடல் பருமனுக்கென்றே தனியாக ஒரு டாக்டர் இருக்கிறார் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். முதலில் ஒரு நர்ஸ் எடை பார்க்கும் மேடையில் என்னை ஏற்றினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் அதை மெதுவாக எழுதிக்கொள்வாள் என்று நினைத்தால், வராந்தாவின் அந்தக் கோடியில் இருக்கிற இன்னொரு நர்ஸுக்குக் கேட்கும்படி, "சேஷன், நூற்றிப்பத்தொம்பது" என்று கூப்பிட்டுச் சொன்னாள். வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் சேஷன் யார் என்று திரும்பிப் பார்த்தார்கள். அதில் நம் பாலத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கிற சத்தியதாஸும் இருந்தான், மனைவியின் காலுக்காக வந்தவன். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாரே, நூற்றிப்பத்தொம்பதோ? கண்டா பறயில்ல, கேட்டோ" என்றான். பார்த்தால் அவ்வளவு தெரியவில்லையாம். ஆறுதல் சொல்கிறவன் அதையாவது காதோடு சொல்லியிருக்கலாம். பிறகு இடுப்பை அளந்தார்கள். டேப் போதாமல் இன்னொரு டேப் கொண்டுவந்தார்கள். அதைக் கொண்டுவந்தவளும் சும்மா வரவில்லை, எதற்கு என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

டாக்டர் பெயர் நீது. ஜானவியைவிட நாலைந்து வயது மூத்திருந்தால் அதிகம். உட்கார்ந்ததுமே, "சார், பேடிக்கண்டா" என்றார். பயப்படாதீர்கள் என்று ஒரு டாக்டர் எடுத்த எடுப்பில் சொன்னால், பயப்பட ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம். 

"இது உங்க குற்றம் ஒண்ணும் இல்ல, கேட்டோ. கண்டமானம் சாப்பிட்டதனால மட்டும் வர்றதும் அல்ல. இது ஒரு அசுகம். பிரஷர், ஷுகர் மாதிரி வர்ஷக்கணக்கா சிகித்ஸை பண்ண வேண்டிய ஒரு அசுகம்," என்றார்.

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அக்கா, அதுவரைக்கும் நான் வெறும் சாப்பாட்டு ராமன். அந்த அறைக்குள் போய்ப் பத்து நிமிஷத்தில் நோயாளி ஆகிவிட்டேன். அதற்குள் கூடவே சர்க்கரை எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டது, பிரஷர் இருக்கிறது, கல்லீரலில் கொழுப்பு இருக்கிறது, தூக்கத்தில் மூச்சு நிற்கிறது, அதற்கு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் தூங்கவைத்துத் தனியாகப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். நான் பழக்கதோஷத்தில் ஒரு காகிதத்தில் குறிப்பெடுத்தேன். நாலாவது வரிக்கு மேல் என் கையெழுத்தே எனக்குப் புரியவில்லை.

சிகிச்சைக்குப் பல வழி இருக்கிறது என்றார். சாப்பாட்டையும் நடையையும் சீர்பண்ணுவது எல்லோருக்கும் உண்டு, அது அடித்தளமாம். அதோடு மாத்திரை இருக்கிறது. என் பிரஷருக்கு அது சரிவராது என்று அவரே தள்ளிவிட்டார். ஒன்று குறைந்ததே என்று நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் வாரம் ஒரு ஊசி என்றார். வயிற்றுத் தோலில் நாமே போட்டுக்கொள்வதாம், பசி அடங்குமாம், ஆரம்பத்தில் குமட்டல் வரலாமாம், நிறுத்தினால் எடை திரும்பி வரவும் கூடுமாம். அதற்கும் மேலே ஆபரேஷன். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு நேந்திரம்பழம் அளவுக்குக் குழாயாக விட்டுவைப்பார்களாம். என் எடைக்கும் உயரத்துக்கும் அதற்கும் நான் தகுதி உள்ளவனாம். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் எந்த ப்ரமோஷனுக்கும் தகுதி உள்ளவன் என்று என்னை யாரும் இவ்வளவு சீக்கிரம் சொன்னதில்லை. "இதிலே பயம் குறைவானது எது, டாக்டர்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. என் உடம்பு முழுவதையும் பற்றி விசாரித்து, கணையத்தில் எப்போதாவது கோளாறு வந்ததா, குடும்பத்தில் தைராய்டில் புற்றுநோய் உண்டா என்றெல்லாம் கேட்டு, கடைசியில் ஊசியும் சாப்பாட்டு அட்டவணையும் தினம் பத்து நிமிஷ நடையும் என்று எழுதிவிட்டார்.

"முதல்ல மூணு மாசத்தில ஆறு கிலோ. அது மதி. அந்த ஆறு கிலோவிலேயே ஷுகரும் பிரஷரும் கொறச்சு தாழும். பின்னே மற்றது பார்க்கலாம்," என்றார். இப்போதைக்கு ஆறு கிலோ போதுமாம், அதிலேயே சர்க்கரையும் பிரஷரும் கொஞ்சம் இறங்குமாம்.

அங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நூற்றுப் பத்தொன்பதில் ஆறு போனால் நூற்றுப் பதின்மூன்று. பகவானுக்கு ஒப்புக்கொண்டதோ நூற்றுப் பதினாறு. மூன்று கிலோ கதலிப்பழம் இடிக்கிறது. ஆபத்தில் வேண்டிக்கொள்ளும்போது ஓர் எடை, கொடுக்கிற நேரத்தில் மருந்து போட்டுக் குறைத்துக்கொண்டு இன்னோர் எடை என்றால் அதற்கு என்ன பெயர்? ஆகவே நான் டாக்டரிடம் விஷயத்தை விளக்கி, மூன்று கிலோ வரை குறைப்பதற்கு என் தரப்பில் ஆட்சேபணை இல்லை, மேற்கொண்டு மூன்று கிலோ என் அக்கா பம்பாயிலிருந்து வந்த பிறகு பரிசீலிக்கலாம் என்றேன். துலாபாரம் என்றதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தன் மகனுக்கும் செய்திருக்கிறாராம். ரொம்ப மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, "சார், பகவான்டெ கையில அந்தப் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு ஒண்ணும் இல்லல்லோ" என்றார். ஜானவி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். நான் வாயை மூடிக்கொண்டேனே தவிர மனசு ஒப்பவில்லை.

வீட்டுக்கு வந்து சீதாலக்ஷ்மியிடம் சொன்னால், அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, "இதுக்கென்ன. தட்டுல உக்காரறச்சே மடியில மூணு கிலோ பழத்தை வச்சுண்டா ஆச்சு" என்கிறாள். இவளை எந்த ஆபீஸில் போட்டாலும் ஒரு வருஷத்தில் சஸ்பெண்ட் ஆகிவிடுவாள். அது பகவானுக்கு முன்னாலேயே கள்ள எடை காட்டுவது இல்லையா? அதனால் நான் நேரே கோயிலுக்குப் போனேன். வழிபாட்டுச் சீட்டுக் கொடுக்கிற ஜன்னலில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமல், "பேரு, நட்சத்திரம்?" என்றார். சேஷன், அவிட்டம் என்றேன். "ஏகதேசம் எத்ர கிலோ வரும்?" என்றார், உத்தேசமாக எத்தனை கிலோ என்று தெரிந்தால்தானே பழத்துக்குச் சொல்லிவைக்க முடியும். அதுதான் சார் கேள்வியே என்று நான் ஜனவரியிலிருந்து ஆரம்பித்து விஷயத்தைச் சொல்ல, பின்னால் பதினைந்து பேர் வரிசையில் நின்றுவிட்டார்கள். தெளிவான பதில் கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு அந்தத் தராசை வேறு பார்த்துவிட்டு வந்தேன். கொக்கியும் சங்கிலியும் நன்றாகத்தான் இருக்கிறது, பெரிய பெரிய மனிதர்கள் ஏறியிருப்பார்கள். ஆனாலும் எனக்கு முன்னால் ஏறியவர் எத்தனை கிலோ என்று யாரிடம் கேட்பது? நான் உட்காரும் நேரத்தில் அது அறுந்தால் என்ன ஆவது? அறுபடாமல் இருந்தாலும்தான் என்ன, குலை குலையாகக் கொண்டுவந்து வைக்க வைக்க மறு தட்டு அசையாமல் இருப்பதைச் சின்னக் குழந்தைகள் எண்ணிக்கொண்டிருக்குமே.

ஆனால் வீட்டில் இவர்கள் இரண்டு பேரும் என் மேல்முறையீடு முடிகிறவரை காத்திருக்கவில்லை. சாப்பாட்டு அட்டவணை அடுக்களைச் சுவரில் ஒட்டியாயிற்று. மத்தியானம் ஒரு கப் சாதம் என்று போட்டிருக்கிறது. எந்தக் கப் என்று அதில் இல்லை. ஒரு நல்ல ஆர்டர் என்றால் அளவை வரையறுக்க வேண்டாமா? நான் அத்திம்பேர் தலைதீபாவளிக்கு வந்தபோது வாங்கிய பெரிய டபராவை எடுத்துவைத்தேன். ஜானவி வந்து, தான் டீ குடிக்கிற பீங்கான் கப்பை வைத்தாள். சீதாலக்ஷ்மி நடுவில் நின்றுகொண்டு, முதல் நாள் என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு அந்தச் சின்னக் கப் சாதத்தில் இரண்டு ஸ்பூன் நெய்யை விட்டாள், விட்டதும் பயந்துபோய் அதைச் சுரண்டி எடுத்தாள். நெய்யும் போயிற்று, அதோடு ஒட்டிக்கொண்டு கால் கப் சாதமும் போயிற்று.

நடைக்குப் போனேன், போகவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆற்றங்கரைப் பக்கம் போய்த் திரும்பினால் சரியாகப் பத்து நிமிஷம். முதல் நாள் ஒரு நாய் குலைத்தது. குலைத்ததற்காக நான் வேகமாக நடந்தேன், நடந்ததற்காக மூச்சு வாங்கியது, மூச்சு வாங்கியதற்காகப் பயம் வந்து, பயம் வந்ததும் நெஞ்சு படபடத்து, இது நாயா நெஞ்சா என்று தெரியாமல் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து, வந்த பஸ்ஸில் ஏறி ஒரு ஸ்டாப் தாண்டி வீட்டுக்கு வந்தேன். இரண்டாம் நாள் சத்தியதாஸ் கடையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று போனால், கண்ணாடிப் பெட்டியில் பழம்பொரி அப்போதுதான் எண்ணெயிலிருந்து வந்திருக்கிறது. நான் கையைக் காட்டுவதற்குள், "சாரே, ஜானவிமோள் விளிச்சு பறஞ்ஞு. சாய தராம். பழம்பொரி தரில்ல" என்றான். குழந்தை போன் பண்ணிச் சொல்லிவைத்திருக்கிறாள். டீயும் சர்க்கரை இல்லாமல்தான் வந்தது. நாற்பது வருஷமாக நான் போகிற கடை, அக்கா.

ஊசி வந்து இன்றைக்குப் பதினேழு நாள் ஆகிறது. பேனா மாதிரி ஒரு கருவி. பெட்டியோடு ஃபிரிட்ஜில் கறிவேப்பிலை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். எப்படிப் போடுவது என்று நர்ஸிடம் ஜானவி கற்றுக்கொண்டு வந்துவிட்டாள். நான் உன்னைக் கேட்காமல் கூடாது என்று நிறுத்திவைத்திருக்கிறேன். பதினேழு நாளாக நான் ஃபிரிட்ஜைத் திறக்கவே இல்லை. ஒரு தடவை தயிர் எடுக்கத் திறந்தேன், அந்தப் பெட்டி என்னைப் பார்த்தது, மூடிவிட்டேன். மின்சாரம் போகும்போதெல்லாம் மருந்து கெட்டுப்போகுமோ என்று சீதாலக்ஷ்மி பதைக்கிறாள். நான் பதைக்கவில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அக்கா, இவ்வளவும் எழுதிவிட்டு உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. எனக்குப் பயமாக இருக்கிறது. ஊசிக்குப் பயம், ஆபரேஷன் என்ற வார்த்தைக்குப் பயம், அதெல்லாம் இருக்கட்டும். அப்பா போனபோது அவருக்கு ஐம்பத்தெட்டு வயசும் ஒரு மாசமும். எனக்கு இப்போது ஐம்பத்தேழு வயசும் எட்டு மாசமும். அப்பாவுடைய உடம்புதான் எனக்கும். அப்போதெல்லாம் அதை நோய் என்று யார் சொன்னார்கள்? தெருவில் எல்லோரும் பாக்கியவான் உடம்பு என்றார்கள். அன்று இலை போட்டுச் சாதம் பரிமாறி, கூட்டுக்குக் கையை நீட்டினவர் அப்படியே சாய்ந்தார். நீதான் தலையைத் தாங்கிப் பிடித்தாய். நான் பக்கத்து இலையில் உட்கார்ந்து அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வயசுத் தடியன், எழுந்து ஓடிப்போய் ஒரு டாக்டரைக் கூப்பிடத் தோன்றவில்லை. இன்னும் ஐந்து மாசம். தினமும் காலண்டரைக் கிழிக்கும்போது எண்ணுகிறேன். அந்த ஐந்து மாசத்தைத் தாண்டிவிட வேண்டும் அக்கா. வேறு ஆசை இல்லை.

ஆகவே உன்னை நான் கேட்டுக்கொள்வது இதுதான். வேண்டிக்கொண்டவள் நீ, ஆர்டர் போட்டவருக்குத்தான் அதைத் திருத்தும் அதிகாரம். ஒன்று, அன்றைய நூற்றுப் பதினாறு கிலோ கணக்கில்லை, ஏறும் நாளில் என்ன எடையோ அதுதான் என்று உன் கைப்பட இரண்டு வரி எழுதி அனுப்பு. அது உனக்குச் சம்மதமில்லை என்றால் முழங்காலைப் பார்க்காமல் புறப்பட்டு வந்து, நான் நூற்றுப் பத்தொன்பதாக இருக்கும்போதே காரியத்தை முடித்துக்கொடு. இரண்டில் ஒன்று நடக்கிற வரைக்கும் என்னால் சிகிச்சையை ஆரம்பிக்க இயலாது. தாமதத்தினால் எனக்கு ஏதாவது ஆனால் அதற்கு யார் பொறுப்பு என்று நான் எழுதப்போவதில்லை, உனக்கே தெரியும்.

அத்திம்பேரை மழையில் மார்க்கெட்டுக்கு அனுப்பாதே. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, மாடிப்படி ஏறாமல் உடம்பைப் பார்த்துக்கொள். பகவான் கிருபையால் உங்கள் இருவருக்கும் தீர்க்காயுசு உண்டாகட்டும். அதில் கொஞ்சம் இந்தப் பக்கமும் வரட்டும். சீதாலக்ஷ்மியும் ஜானவியும் நமஸ்காரம் சொல்லச் சொன்னார்கள் என்று வழக்கப்படி எழுதுகிறேன். இப்படி ஒரு கடிதம் எழுதுவது அவர்களுக்குத் தெரியாது.

உன் பிரியமுள்ள தம்பி,
சேஷன்

பின்குறிப்பு: உன் விலாசத்தில் பின்கோடு மறந்துபோயிற்று. சீதாலக்ஷ்மியைக் கேட்டேன். டைரியை எடுத்துக்கொண்டு வந்தவள், அப்படியே நின்றுகொண்டு கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டாள். நான் பிடுங்கப் பார்த்தேன், எழுந்திருப்பதற்குள் மூன்றாவது பக்கத்துக்குப் போய்விட்டாள். படித்து முடித்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "கோவில்ல அந்த மனுஷர் நெஜமாவே ஒண்ணும் சொல்லலையா?"

அவளிடம் ஒத்துக்கொண்டதை உன்னிடமும் ஒத்துக்கொள்கிறேன். சொன்னார். நான் கேட்டு முடிப்பதற்குள்ளேயே, "அன்னத்தெ வெயிட்டு மதி, சாரே" என்றார். ஏறுகிற அன்றைய எடை போதுமாம், எல்லோருக்கும் அதுதான் வழக்கமாம். நம்பாமல் பெரிய அர்ச்சகரான மேல்சாந்தியையும் போய்க் கேட்டேன். அவரும் அதையே சொல்லி, எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்று பிரசாதமும் கொடுத்து அனுப்பினார். இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. வீட்டுக்கு வந்து தெளிவான பதில் இல்லை என்று சொன்னேன். உன் வேண்டுதலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன் அக்கா. உன் முழங்கால் வீக்கம் இன்னும் வடியவில்லை என்று அத்திம்பேர் சொன்னபோது எனக்கு உள்ளூர ஒரு நிம்மதிகூட வந்தது. அதற்கு என்னை மன்னித்துவிடு.

சீதாலக்ஷ்மி கோபித்துக்கொள்ளவில்லை. டைரியை மூடி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "காலண்டரை எண்ணறேன்னு அக்காவுக்கு எழுதியிருக்கேள். நான் என்ன எண்ணறேன்னு தெரியுமா? நீங்க தூங்கறச்சே மூச்சு நிக்கும். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுவேன். இருபது தாண்டித்துன்னா தோளைப் புடிச்சு உலுக்குவேன். நீங்க திரும்பிப் படுத்துண்டுடுவேள். மறுபடியும் ஒண்ணுலேருந்து எண்ணணும். தையிலேருந்து நான் தூங்கினதே இல்லை," என்றாள். அழாமல், வெண்டைக்காய் விலை சொல்கிற மாதிரி சொன்னாள். இந்த வீட்டில் பயப்படுகிற வேலை என் ஒருத்தனுடையது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நானே எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்து அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து ஜானவியிடம் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, போட்டாயிற்றா என்று நான் கேட்டபோது அவள் மூடியை மாட்டிக்கொண்டிருந்தாள். தூக்கப் பரிசோதனைக்கும் திங்கட்கிழமை வருகிறேன் என்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லச் சொல்லிவிட்டேன். பயம் போய்விட்டது என்று நினைக்காதே. குமட்டல் வருமோ என்று இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. ஆனால் மேலே எழுதிய எதையும் நீ பொருட்படுத்த வேண்டாம், இரண்டு வரியும் எழுத வேண்டாம். கால் நன்றாக ஆன பிறகு வா. அதுவரை நான் குறைந்துகொண்டே இருக்கப் பார்க்கிறேன்.

இப்போது மத்தியானம் இரண்டு மணி. சீதாலக்ஷ்மி ஹாலில் பாயை விரித்து, "நீங்க முழிச்சுண்டுதானே இருக்கப்போறேள்?" என்று கேட்டுவிட்டுப் படுத்தாள். நான் ஆமாம் என்று சொல்வதற்குள் தூங்கிப்போய்விட்டாள். கடிதத்தைத் தபாலில் போட நடந்துதான் போக வேண்டும். அவள் எழுந்ததும் போகிறேன். அதுவரை பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, அவள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.